‘செய்தவர்’ என்றொரு கட்டம்

புட்டியைத் திறந்தாலே கண் எரியும். ஃபார்மலினும் கிரசாலும் கிளிசரினில் கலந்த அந்த மருந்துக்கு ஃபார்மோகிரசால் என்று பெயர். 1989-ல் திருமங்கலத்தில் குழந்தைகளுக்கான பல் மருத்துவமனை தொடங்கிய டாக்டரம்மாவின் அலமாரியில் முதலில் ஏறிய புட்டி அதுதான். சொத்தை ஆழமாக இறங்கி நரம்பைத் தொட்டுவிட்ட பால் பல்லில், மேல்பகுதியில் இருக்கும் நரம்புச் சதையை மட்டும் எடுப்பார். மருந்தில் நனைத்து நன்றாகப் பிழிந்த சின்னப் பஞ்சுருண்டையை அங்கே ஐந்து நிமிடம் வைப்பார். வேரில் மிச்சமிருக்கும் சதை பதப்பட்டுக் கிடக்கும். பல் விழ வேண்டிய வயது வரை வாயில் நிற்கும். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1904-ல் பக்லி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எழுதிவைத்த கலவை, எண்பத்தைந்து ஆண்டு கழித்தும் அவர் பெயரோடு திருமங்கலத்துக் குழந்தைகளின் வாயில் வேலை செய்துகொண்டிருந்தது.

“விழப் போற பல்லுதானே டாக்டரம்மா, புடுங்கிப் போட்டா என்ன?”

இதைக் கேட்காத வீடு இல்லை. தொடக்கத்தில் அவர் இதற்கு வளைந்தும் கொடுத்திருக்கிறார். 1991-ல் ஒரு லாரி ஓட்டுநர் நாலு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கீழ்க் கடைவாயில் ஒரு பால் பல் பாதி கரைந்து, பையன் இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் லோடு ஏற்ற வேண்டும், மறுபடி வர முடியாது, எடுத்துவிடுங்கள் என்று அப்பா கைகூப்பி நின்றார். எடுத்தார். காலி இடத்தைக் காப்பாற்றக் கம்பி போட வேண்டும், ஒரு மாதத்தில் கூட்டிவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். வரவில்லை.

பையன் பதினோரு வயதில் வந்தான். ஆறு வயதில் முளைத்த நிலையான கடைவாய்ப் பல் அந்தக் காலி இடத்துக்குள் சாய்ந்து நகர்ந்திருந்தது. அங்கே வர வேண்டிய புதுப் பல் இடம் கிடைக்காமல் நாக்குப் பக்கம் துருத்திக்கொண்டு முளைத்திருந்தது. அன்று எடுத்த மாக்கல் அச்சு இன்றும் அவர் மேசையில் இருக்கிறது. அதே கேள்வியோடு வருகிறவர்களிடம் அவர் வாதாடுவதில்லை. அச்சை எடுத்துக் கையில் கொடுப்பார். கடைசிப் பால் பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். நாலு வயதுப் பிள்ளை இன்னும் ஆறேழு வருடம் சோறு தின்ன வேண்டிய பல் அது.

சிலர் வேறு இடத்தில் வைத்தியம் முடித்துவிட்டு வருவார்கள். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்ததில் பல்லிலிருந்து பூச்சி விழுந்தது, வலி நின்றது என்பார்கள். அவர் அவர்களைத் திட்டியதே இல்லை. வலி நின்றது உண்மைதான், ஏனென்றால் அதற்குள் நரம்பு செத்திருக்கும். இரண்டு வாரத்தில் ஈறில் சீழ்க்கொப்புளம் எழும்பும்போது அந்த அம்மா தன்னிடம் கூச்சப்படாமல் திரும்பி வர வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. கன்னம் வீங்கிக் கண் வரை ஏறினாலோ, தாடைக்கு அடியில் இறங்கினாலோ அது மருத்துவமனைப் படுக்கையில் பார்க்க வேண்டிய காய்ச்சல். திட்டு வாங்கிய அம்மா அந்தக் கட்டத்தில்தான் வருவார்.

புத்தகம் சொல்லாத ஒன்றை அவர் ரத்தத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். நரம்பின் மேல்பகுதியை எடுத்ததும் ஈரப் பஞ்சை வைத்து அழுத்தினால், சில நிமிடங்களில் ரத்தம் நிற்க வேண்டும். நின்றால், வேருக்குள் இருக்கும் சதை நலமாக இருக்கிறது. கருஞ்சிவப்பாகக் கசிந்துகொண்டே இருந்தால் நோய் வேருக்குள் இறங்கிவிட்டது. அங்கே எந்த மருந்தை வைத்தாலும் ஆறு மாதத்தில் பல் தோற்கும். எக்ஸ்ரே ஃபிலிமை இருட்டுப் பெட்டிக்குள் கழுவிக்கொண்டிருந்த காலத்தில், பாதிப் படங்கள் மங்கலாக வரும். அந்தப் பஞ்சின் நிறம் ஒருநாளும் அவரை ஏமாற்றவில்லை.

வேர் வரை போய்விட்டால் வேர் சிகிச்சை. பெரியவர்களின் பல்லைப் போல அல்ல இது. பால் பல்லின் வேர்கள், தங்களுக்கு நடுவே வளரும் புதுப் பல்லின் குருத்தைக் கவட்டையாக அணைத்துக்கொண்டு நிற்கும். புதுப் பல் மேலே வர வர, அந்த வேர் கரைய வேண்டும். ஆகவே வேருக்குள் நிரப்பும் பொருளும் கூடவே கரைகிற பொருளாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு நிரப்பும் ரப்பர் குச்சியை ஒரு பால் பல்லில் நிரப்பிய நிலையில், வேறோர் ஊரிலிருந்து ஒரு சிறுமி வந்தாள். வேர் கரைந்துபோயிருந்தது, குச்சி மட்டும் ஈறுக்குள் அப்படியே நின்றது. புதுப் பல் அதைச் சுற்றிக் கோணலாக வழி தேடிக்கொண்டிருந்தது. எங்கே செய்தது என்று கேட்டார். அம்மா சொன்னார். யார் செய்தது என்று கேட்டார். அது அம்மாவுக்குத் தெரியவில்லை. கொண்டுவந்த சீட்டிலும் மருத்துவமனையின் பெயர் பெரிதாக இருந்ததே தவிர, செய்த கையின் பெயர் எங்கேயும் இல்லை.

அந்தக் கேள்வி அவருக்குப் பழையது. அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். மணலில் உட்கார்ந்து படம் பார்த்த வயதில், அவர் எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகியது திரையில் ஓடிய பெயர்களைத்தான். ‘வசனம்’, ‘ஒளிப்பதிவு’, ‘எடிட்டிங்’ என்று ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, அப்பா பேர் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். படத்தை எடுத்தவர்களின் பேர்தான் வரும், ஓட்டுகிறவன் பேர் வராது என்று அப்பா சொன்னார். அதில் அப்பாவுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மகளுக்கு இருந்தது.

மருத்துவமனையில் அந்த வருத்தம் அக்காவின் மேல் வந்து நின்றது. அக்கா என்பது உதவியாளர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு 1992-ல் வேலைக்கு வந்தவர், இன்றும் இருக்கிறார். டாக்டரம்மா படித்த காலத்தில், அலறும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்கும் முறை ஒன்று வகுப்பறையில் முறையாகவே கற்பிக்கப்பட்டது. பிறகு பல நாடுகளில் அதைக் கைவிட்டார்கள். அவர் அதைக் கைவிட்டதற்குக் காரணம் அக்கா. ஒருநாள் வாயைப் பொத்தப் போனபோது, “இருங்கம்மா, பாப்பாகிட்ட நான் பேசிப் பாக்குறேன்” என்று குறுக்கே வந்தார். தண்ணீர் பீய்ச்சும் குழாயைக் குழந்தையின் உள்ளங்கையில் பீய்ச்சிக் காட்டினார். உறிஞ்சும் குழாய்க்கு யானைத் தும்பிக்கை என்று பேர் வைத்தார். பதினைந்து நிமிடத்தில் குழந்தை தானே வாயைத் திறந்தது. முதலில் சொல், பிறகு காட்டு, அதன்பின் செய் என்று பாடப் புத்தகத்தில் ஒரு முறைக்குப் பெயர் உண்டு. புத்தகத்தைப் பார்க்காமலே அக்கா அதைச் செய்தார். நல்ல பேர் முழுக்க டாக்டரம்மாவுக்குப் போனது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கல்லூரியில் வாரம் இரண்டு நாள் பாடம் எடுக்கப் போனார். அங்கே முதுநிலை மாணவி ஒருத்தி, பால் பல் நரம்புச் சிகிச்சை செய்த நாற்பது குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்டு, பஸ்ஸிலும் மினி பஸ்ஸிலுமாக அலைந்தாள். டாக்டரம்மா அவளுக்கு எக்ஸ்ரே படிக்கச் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். கட்டுரை இதழில் வந்தபோது முதல் பெயராக நின்றவர், அந்த நாற்பதில் ஒரு குழந்தையைக்கூடப் பார்க்காத ஒரு மூத்தவர். இரண்டாவதாக டாக்டரம்மாவின் பெயர். மாணவியின் பெயர் ஐந்தாவது. வீடுகளைக் கண்டுபிடித்துக் கொடுத்த கிராம சுகாதாரச் செவிலியரின் பெயர் நன்றி சொல்லும் பத்தியில்கூட இல்லை.

இரண்டாவது பெயரை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும் இடம் அது. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று இருந்துவிட்டார்.

ஓராண்டு கழித்து ஒரு வாசகரின் கடிதம் வந்தது. இரண்டாம் அட்டவணையில் தோற்ற பற்கள் ஏழு, மூன்றாம் அட்டவணையில் ஐந்து. எது சரி? முதல் பெயருக்குத் தெரியவில்லை. இரண்டாம் பெயருக்கும் தெரியவில்லை. மாணவி படிப்பு முடிந்து வெளிநாடு போயிருந்தாள். அவளைக் கண்டுபிடித்துக் கேட்டபோது உடனே சொன்னாள்: ஏழுதான் சரி. இரண்டு குழந்தைகள் வேறு மருத்துவரிடம் போய்ப் பல்லை எடுத்துக்கொண்டதைச் செவிலியர் பிறகுதான் சொன்னார், அதை ஓர் அட்டவணையில் மட்டும் திருத்தியிருந்தாள். அந்தச் சிகிச்சையை நம்பி எங்கேயோ ஒரு மருத்துவர் இன்னொரு குழந்தைக்குச் செய்யப் போகிறார் என்ற நினைப்பு டாக்டரம்மாவைத் தூங்கவிடவில்லை. பெயர் என்பது தனக்குக் கிடைக்கும் மாலை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார். கேள்வி வந்தால் பதில் சொல்ல நிற்க வேண்டிய இடம் அது என்று அந்தக் கடிதத்துக்குப் பிறகு புரிந்தது.

அப்போதுதான் இரண்டு நோட்டுகள் போட்டார். ஒன்றில் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பெயர்ப் பட்டியல், இன்னொன்றில் சினிமாவின் பெயர்ப் பட்டியல். பெயர் எந்த இடத்தில் நிற்கிறது, வேலை எங்கே நடந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனார்.

சினிமா நோட்டின் முதல் பக்கம் ‘சந்திரலேகா’. 1948-ல் வந்த அந்தப் படம் எஸ். எஸ். வாசன் படம் என்றே ஊர் அறியும். அதை இயக்கத் தொடங்கியவர் டி. ஜி. ராகவாச்சாரி, வாசனோடு கருத்து வேறுபட்டுப் பாதியில் விலக, வாசன் எடுத்து முடித்தார். கதை ஜெமினி கதை இலாகாவுடையது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பலர் பேசிப் பேசிக் கதை செய்த அந்த ‘இலாகா’ என்ற சொல் டாக்டரம்மாவுக்கு மிகவும் பிடிக்கும். ஒருவருக்கும் முழு உரிமை கொடுக்காமல், எல்லோருக்கும் கொஞ்சம் கொடுக்கிற சொல். ஆனால் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது?

அடுத்த பக்கம் ‘பராசக்தி’. 1952. இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து வந்த கதை. மக்கள் மனதில் அது வசனம் எழுதிய கருணாநிதியின் படம், பேசி நடித்த சிவாஜியின் படம். இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்று பிரான்ஸில் த்ரூஃபோ 1954-ல் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு கொள்கையே வளர்ந்ததைப் படித்தபோது, நம் ஊர்க் கொட்டகையில் வசனகர்த்தாவின் பெயருக்கு விழுந்த கைதட்டலைத்தான் அவர் நினைத்துக்கொண்டார்.

‘சிட்டிசன் கேன்’ பற்றி மட்டும் பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். 1941-ல் வந்த படம். திரைக்கதைக்கு மேன்கவிட்ஸ், ஆர்சன் வெல்ஸ் இருவர் பெயரும் உண்டு. அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கரும் அதற்குத்தான். 1971-ல் விமர்சகர் பாலின் கேல், எழுதியது மேன்கவிட்ஸ்தான் என்று நீண்ட கட்டுரை எழுதினார். 1978-ல் ராபர்ட் கேரிங்கர் என்ற ஆய்வாளர் திரைக்கதையின் வரைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்து, வெல்ஸின் கை எங்கெங்கே இருக்கிறது என்று காட்டினார். டாக்டரம்மாவுக்கு இந்தச் சண்டையில் பிடித்தது கேரிங்கரின் வழி. அபிப்பிராயத்தை விட்டுவிட்டு, வரைவை எடுத்துப் பார்க்கிறார். ஈறுக்கு மேலே நின்று பேசாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதைப் போல. அதே படத்தில் வெல்ஸ், இயக்குநராகத் தன் பெயர் வரும் அட்டையிலேயே ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் பெயரையும் சேர்த்துப் போட்டார். இதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.

மறைக்கப்பட்ட பெயர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. ‘ரோமன் ஹாலிடே’ கதையை எழுதியவர் டால்டன் ட்ரம்போ. கறுப்புப் பட்டியலில் இருந்ததால் நண்பர் ஒருவரின் பெயரில் படம் 1953-ல் வந்தது, ஆஸ்கரும் நண்பரின் பெயருக்கே போனது. ட்ரம்போ 1976-ல் இறந்துபோனார். 1993-ல்தான் அந்த விருதை அவர் பெயருக்குக் கொடுத்தார்கள்.

கட்டுரை நோட்டில் இதற்கு நேர் எதிரான கூத்து. எழுதாதவர்களின் பெயர்கள் பெருகிக்கொண்டே போயின. மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு வகுத்த விதியில், வேலையில் கணிசமான பங்கு, எழுதுவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் என்று மூன்று நிபந்தனைகள் இருந்தன. 2013-ல் நாலாவதாகப் பொறுப்பேற்றல் சேர்ந்தது. அந்த நாலாவதைப் படித்த அன்று, பழைய வாசகர் கடிதத்தை எடுத்து நோட்டுக்குள் ஒட்டிவைத்தார். 2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்த இயற்பியல் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களுக்கும் அவர்களின் நிறுவனங்களுக்கும் போனது. அங்கே யாரிடம் கேட்பது என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு நோட்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது ஸ்காட்லாந்தில். நோர்னா ஹால் அங்கே சாதாரணப் பொதுப் பல் மருத்துவராக இருந்தார். கடைவாய்ப் பால் பல்லின் சொத்தையைக் குடையாமல், மரத்துப்போகும் ஊசி போடாமல், அதன் மேல் ஸ்டீல் கேப்பைச் சிமெண்டோடு அழுத்தி மூடிவிடுவார். சொத்தைக் கிருமிகளுக்கு உணவு போகும் வழி அடைபட்டுவிடும். நோய் அங்கேயே நின்றுவிடும். பல்கலைக்கழகத்துக்காரர்கள் அவருடைய சொந்தப் பதிவேடுகளை எடுத்துப் படித்து, 259 குழந்தைகளுக்கு வைத்த 978 கேப்புகளைக் கணக்கிட்டு 2006-ல் கட்டுரை எழுதினார்கள். ஆசிரியர் வரிசையில் ஹால் நாலாவது. ஆனால் உலகம் முழுவதும் அந்த முறைக்குப் பெயர் ஹால் முறை. முதல் பெயருக்குரிய நிக்கோலா இன்னஸ் அடுத்த ஆண்டே 132 குழந்தைகளைக் கொண்டு, 17 மருத்துவர்களின் மருத்துவமனைகளில், ஒரே குழந்தையின் வாயில் ஒரு பல்லுக்குக் கேப், இன்னொன்றுக்கு வழக்கமான அடைப்பு என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வை வெளியிட்டார். ஐந்து ஆண்டு முடிவு 2011-ல் வந்தது: வலி, சீழ் போன்ற பெரிய தோல்வி கேப் வைத்த பற்களில் 3 விழுக்காடு, அடைத்த பற்களில் 16.5.

டாக்டரம்மா முதல் இரண்டு கட்டுரைகளைப் படித்தபோது முதலில் நம்பவில்லை. சொத்தையை உள்ளே விட்டு மூடுவது அவர் படித்த படிப்புக்கே எதிரானது. ஆனால் இதில் யார் கண்டார், யார் அளந்தார் என்று பிரித்துத் தெரிந்தது. ஒரு மருத்துவர் தன் ஊரில் செய்து பார்த்தது. வேறு ஆட்கள் அதைச் சந்தேகத்தோடு சோதித்தது. நரம்பு நலமாக உள்ள பல்லில் மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு 2009-ல் முதல் கேப்பை வைத்தார். பல்லுக்கு இடையில் ரப்பர் வளையத்தைப் போட்டுச் சில நாள் இடம் உண்டாக்க வேண்டும். அளவு பார்த்துக் கேப்பில் சிமெண்ட் நிரப்பி வைத்தால், குழந்தையே கடித்து அதை இறக்கும். முதல் சில நாள் வாய் முழுக்க மூடாது. சில வாரங்களில் கடி தானாகச் சரியாகும். “வெள்ளிப் பல்லு, ரஜினி படத்துல வில்லனுக்கு இருக்கும்ல” என்று அக்கா சொல்ல, குழந்தைகள் அதைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்திய பிறகு, பக்லியின் புட்டி மெல்ல மெல்ல அலமாரியை விட்டு இறங்கியது. அதன் இடத்துக்கு, கட்டடச் சிமெண்டின் உறவான எம்.டி.ஏ. என்ற பொடி வந்தது. ஈர மணலைப் போல இருக்கும், விலை கிறுகிறுக்க வைக்கும். பயந்து நடுங்கும் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வெள்ளி கலந்த ஃபுளோரைடு சொட்டு. சொத்தை நின்றுவிடும், ஆனால் இடம் கறுத்துப்போகும். 2021-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது ஏறியது. பெண் பிள்ளைக்கு முன்பல் கறுத்தால் என்ன ஆவது என்று பாட்டிமார் கேட்பார்கள். அந்தக் கேள்வியை அவர் அலட்சியம் செய்வதில்லை. முன்பல்லுக்கு முடிந்தவரை வேறு வழி பார்ப்பார்.

நோயின் முகமும் மாறியது. ராத்திரி முழுக்கச் சர்க்கரைப் பால் புட்டியை வாயில் வைத்துத் தூங்கிய குழந்தைகளுக்கு மேல் முன்பல் நாலும் கரைந்திருக்கும். நாக்கு மூடிக் காத்த கீழ்ப் பற்கள் மட்டும் வெள்ளையாக இருக்கும். அது இன்றும் வருகிறது. ஒரு காலத்தில் மளிகைக் கடையில் சில்லறை இல்லை என்று மிட்டாயைக் கையில் திணிப்பார்கள். போனில் பணம் போடும் வழக்கம் வந்ததும் அது குறைந்தது. பதிலுக்குப் பாக்கெட்டில் அடைத்த பழச்சாறு பள்ளிப் பைக்குள் வந்துவிட்டது.

வாசகர் கடிதம் வந்த வருடமே மருத்துவமனை அட்டையை மாற்றி அச்சடித்தார். பல்லின் எண், சிகிச்சை, தேதிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்: ‘செய்தவர்’. ஊசி போட்டது யார், நரம்பை எடுத்தது யார், குழந்தையைப் பேசி உட்காரவைத்தது யார் என்று தனித்தனி வரி. அக்காவின் பெயர் ஆயிரக்கணக்கான அட்டைகளில் இருக்கிறது. தோற்ற பற்களின் அட்டைகளைத் தனியாக எடுத்து ஆண்டுக்கொரு முறை இருவரும் உட்கார்ந்து படிப்பார்கள். ரத்தம் நிற்காத பல்லில் அவசரப்பட்டு மூடியது யார் என்று அட்டை சொல்லும். பெரும்பாலும் டாக்டரம்மாவின் பெயர்தான். முக்கால்வாசி சாயங்காலம் ஏழு மணிக்குப் பிறகு செய்தவை. ஏழு மணிக்கு மேல் நரம்புச் சிகிச்சை இல்லை என்ற பலகை அப்படித்தான் வந்தது.

போன சித்திரையில் ஒரு பதினோரு வயதுப் பையன் ஜாமெட்ரி பாக்ஸோடு வந்தான். நாலு வயதில் கேப் வைத்த கடைவாய்ப் பல் விழுந்துவிட்டது. கூரையில் எறியச் சொன்ன பாட்டிக்குக் கொடுக்காமல் கொண்டுவந்திருக்கிறான். பெட்டிக்குள் பென்சில் சீவலுக்கு நடுவே ஸ்டீல் கேப் மின்னியது. டாக்டரம்மா திருப்பிப் பார்த்தார். வேர் சுத்தமாகக் கரைந்திருந்தது. கீழே புதுப் பல்லின் முனை ஈறைக் கிழித்துக்கொண்டு, இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. அக்கா அட்டையை எடுத்துத் தேதி எழுதி, ‘தானாக விழுந்தது’ என்று எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டார்.

“தானா விழல,” என்றான் பையன். “மூணு நாளா நாக்கால ஆட்டி ஆட்டி நாந்தான் எடுத்தேன்.”

அக்கா ‘தானாக விழுந்தது’ என்பதை அடித்துவிட்டு, ‘செய்தவர்’ கட்டத்தில் அவன் பெயரை இனிஷியலோடு எழுதினார்.